திராட்சைக்கு ஏழு வாழ்த்துரை

துரைராஜின் கடையில் பச்சைப் பலகை ஏறிய நாளிலிருந்து, எதிர்க்கடை வலியுல்லாவுக்குத் தன் திராட்சையே புளிக்கத் தொடங்கிவிட்டது.

பலகை பெரியதல்ல. ஒரு முழ நீளம் இருக்கும். பச்சைப் பின்னணியில் ஒரு மாம்பழம், மாம்பழத்தின் குறுக்கே ஒரு மின்னல், கீழே ‘தூய கனி’ என்ற இரண்டு சொற்கள், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘கனித் தூய்மை ஆணையம், அடையாறு’. தூரத்திலிருந்து பார்த்தால் மாம்பழத்தின் மேல் இடி விழுந்தது போலத்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் பலகை தொங்கும் கடைப் பழத்தில் பூச்சிமருந்து மிச்சமில்லை என்று பொருள்.

பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்தில் பழக்கடை இரண்டுதான். இரண்டுக்கும் சரக்கு கோயம்பேட்டில் ஒரே மண்டியிலிருந்து, ஒரே மினி டெம்போவில் வரும். டெம்போ சந்தின் நடுவில் நிற்கும். இடப்பக்கம் அடுக்கிய பெட்டிகள் துரைராஜுக்கு, வலப்பக்கம் அடுக்கியவை வலியுல்லாவுக்கு. இரண்டு கடைப் பழத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

சுற்றிலும் கல்யாண மண்டபங்கள். சீர்வரிசைத் தட்டில் பழம் அடுக்குவதற்கு வலியுல்லாவின் கை பேர்போனது. கறுப்புத் திராட்சையையும் பச்சைத் திராட்சையையும் வைத்து மயில் தோகை விரிப்பார். தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாலும் ஒரு இறகு கலையாது. துரைராஜ் ஆரஞ்சைக் கோபுரமாக அடுக்குவார். மணப்பெண்ணின் அத்தை தட்டைத் தொடுவதற்கு முன்பே கோபுரம் சரியும். இருந்தும் பலகை ஏறியபின் மண்டபக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் துரைராஜ் பக்கம் போனார்கள். சம்பந்திகள் கேட்கிறார்களாம், “பச்சைப் பலகைக் கடைதானே?” என்று.

“இன்னா பாய், காலீலேர்ந்து பலகையவே பாத்துக்கினு கீற?” என்பார் துரைராஜ். “கண்ணு கிண்ணு பட்டுடப் போவுது. ஒரு பூசணிக்கா கட்டட்டுமா?”

“கட்டு நைனா. பூசணிக்காயும் டெஸ்ட் பண்ணிட்டுக் கட்டு.”

இரவு வீட்டில், ராயப்பேட்டையில், வலியுல்லாவின் மனைவி ஷாகிரா சோறு போடும்போதும் பேச்சு இதுதான். “அவன் பெட்டியும் என் பெட்டியும் ஒரே தோட்டம். அவனுக்கு மட்டும் எப்படி?”

“நீங்களும் போய்க் கேளுங்களேன்.”

“கேக்கறதா? அவனுக்கு வீடு தேடி வந்து குடுத்தாங்க. நான் போய்க் கேக்கறதா?”

மறுநாள் காலை போய்க் கேட்டார்.

துரைராஜுக்குப் பலகை கிடைத்த கதை எளிது. ஆணையம் அப்போது புதிது. விதிமுறைகள் இன்னும் அச்சகத்தில் இருந்தன. அதனால் பூஜா என்ற தொழில்நுட்ப உதவியாளர் மட்டும் ஒரு ஐஸ் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். துரைராஜ் ஒரு மாதுளைக்காக வாடிக்கையாளருடன் சண்டையில் இருந்தார். பூஜாவை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூஜா நின்றபடியே சோதித்துவிட்டு, ‘தூய கனி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அழகான கருவி. ஆணையத்தை வைத்து அதை எடைபோடக் கூடாது.

பூச்சிமருந்துகளில் ஒரு பெரிய வகை நரம்பைத் தாக்குவது. நரம்பில் ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததும், அதைச் சுமந்து வந்த ரசாயனத்தை உடனே வெட்டிப்போட ஒரு நொதி இருக்கிறது. வெட்டிப்போட்டால்தான் அடுத்த செய்திக்கு இடம். மருந்து அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். பழைய செய்தியே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருக்க, பூச்சி துடித்துச் செத்துப்போகும். அதே நொதி நம் உடம்பிலும் இருப்பதால்தான் நமக்கும் கவலை.

இந்த நொதியில் ஒரு துளியை எடுத்து, கரி மையால் கோடு அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் காயவைக்கிறார்கள். வீட்டில் சர்க்கரை பார்க்க விரலில் குத்தி ரத்தம் வைக்கும் பட்டை இருக்கிறதே, அதற்குத் தம்பி முறை. நுனியில் நொதிக்குப் பிடித்த தீனியை ஒரு சொட்டு விட்டால் அது வெட்டத் தொடங்கும். வெட்டிய துண்டுகள் கரிக்கு மின்னணுக்களைக் கொடுக்கும். கருவியில் மின்னோட்டம் தெரியும். அதை நூறு என்று வைத்துக்கொள்வார்கள். பிறகு பழத்தைக் கழுவி எடுத்த நீரில் பட்டையைச் சற்று ஊறவிட்டு, மறுபடி தீனி. மறுபடியும் நூறையொட்டி வந்தால் பழம் சுத்தம். குறைந்தால், குறைந்த பங்கு நொதியின் கையை யாரோ கட்டிவிட்டார்கள்.

ஒரு மெஸ்ஸின் உள்ளே ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தெருவில் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறீர்கள். ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டார். உங்கள் கண் எரிவதை வைத்துத்தான் அவர் வேலை செய்கிறார் என்று அறிகிறீர்கள். திடீரென்று எரிச்சல் நின்றுவிட்டால்? யாரோ வந்து அவர் கையைக் கட்டியிருக்கலாம். அல்லது உள்ளே புழுக்கம் தாங்காமல் மனிதர் மயங்கி விழுந்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நொதியும் அப்படித்தான், அதற்குச் சூடு ஆகாது. அதனால்தான் ஐஸ் பெட்டி. அதனால்தான், பட்டையை வெளியே எடுத்தால், பழத்துக்குப் பக்கத்திலேயே நின்று நல்ல தண்ணீரில் ஒருமுறை பார்த்து, நூறைக் குறித்துக்கொண்டு, கையோடு பழத்தையும் பார்த்துவிட வேண்டும்.

பூஜா அன்று செய்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு விதிமுறைகள் அச்சாகி வந்துவிட்டன.

அவற்றை எழுதியவர் ஆணையத் தலைவர் முனைவர் கிருஷ்ணமூர்த்தி. மயிலாப்பூர்க்காரர். ஊழியர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் கிச்சா என்பார்கள். வீட்டில் முகத்துக்கு நேரே சொல்வார்கள். திருத்தியவர் இணைத் தலைவர் ஜெயலக்ஷ்மி. தலைவர் பதவிக்கு இருவரும் நேர்காணலுக்குப் போனவர்கள். கிச்சாவுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து ஜெயலக்ஷ்மி ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்: கிச்சா எவ்வளவு நேரம் பேசுகிறாரோ அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தான் பேசுவது. இதைக் கவனித்த கிச்சா தன் பேச்சை நீட்டினார். இருவரும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அடுத்தவர் பேசும்போது மட்டும் பார்ப்பார்கள்.

விதிமுறையின் சாரம் இது. ஒன்று, சோதனை ஒரு பொது நிகழ்ச்சியாக நடக்க வேண்டும். வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை முடிந்தபின், முத்தாய்ப்பாகப் பழத்தைச் சோதிக்க வேண்டும். இரண்டு, வெளிப்படைத்தன்மை கருதி, நிகழ்ச்சி தொடங்கும்போதே பட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு தட்டில், பொதுமக்கள் அனைவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மூன்று, தரக் கட்டுப்பாடு கருதி, நல்ல தண்ணீர்ச் சோதனையை அடையாறு தலைமையகத்தின் குளிர்சாதன அறையில் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

பூஜா ஒருமுறை இதைப் பற்றி எழுத்தில் கேட்டார். கேட்டவரை உறுப்பினராகப் போட்டு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவின் கூட்டங்களிலும் வரவேற்புரை உண்டு. அதன்பின் பூஜா எதுவும் கேட்பதில்லை. பேச்சு தொடங்கியதும் காதில் பாட்டு மாட்டிக்கொள்வார்.

வலியுல்லாவின் கடைக்கு ஆணையம் வந்த நாள் நல்ல கத்திரி வெயில். மண்டபத்திலிருந்து நாற்காலி வரவழைத்திருந்தார். ரோஸ் மில்க் குளிர்ந்திருந்தது. பட்டை எவர்சில்வர் தட்டில், வெயிலில் பளபளத்தது.

கிச்சா எழுந்தார். “பெருமக்களே! இந்தப் பட்டையை நான் கண்டுபிடிக்கவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லும் துணிவு எனக்கு உண்டு. ஆனால் இதற்குக் ‘கனிக்கண்’ என்று பெயர் சூட்டியவன் நான். ஒரு குழந்தையைப் பெறுவது யாராலும் முடியும். பெயர் வைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்...”

அடுத்து ஜெயலக்ஷ்மி. “பெயர் வைத்தவர் தலைவர் அவர்கள். அந்தப் பெயரை எந்த எழுத்தில், எந்த நிறத்தில், பெட்டியின் எந்தப் பக்கம் அச்சிடுவது என்று மூன்று கூட்டங்கள் நடத்தி முடிவு செய்தவள் நான் என்பதை அடக்கத்தோடு மறைத்துக்கொள்கிறேன்...”

ரோஸ் மில்க்கில் ஐஸ் உருகி, வெதுவெதுத்து, ஆடை கட்டியது. பிறகு சோதனை நடந்தது. அறுபது.

“நாற்பது பங்கு நஞ்சு,” என்றார் கிச்சா, வருத்தத்தோடு. கடையில் மஞ்சள் பலகை மாட்டினார்கள். விதிப்படி, மூன்றாம் முறையும் தவறினால் சிவப்பு. சிவப்புப் பலகைக் கடையிலிருந்து மண்டபம் என்ன, ஆஞ்சநேயர் கோயில் வாழைப்பழக்காரர்கூட வாங்கமாட்டார்.

எதிரே துரைராஜ் பல் குத்திக்கொண்டு நின்றார். “மஞ்சளும் மங்களகரம்தான் பாய்.”

வலியுல்லா அடையாறுக்குப் பஸ் ஏறினார். ஆணையத்தின் வாசலில், ‘கனியில் நஞ்சில்லை, எம்மில் ஒளிவில்லை’ என்று பொறித்த கல்வெட்டு. அதன் எதிரே இருந்தவர் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல மறுத்துவிட்டார். பிறகு கிச்சாவே எதிர்ப்பட்டார். கையில் ஒரு திராட்சைக் கொத்து.

“சார், எதிர்க்கடைப் பழமும் என் பழமும் ஒரே டெம்போ.”

“டெம்போவை நாங்க சோதிக்கறதில்லையே,” என்றார் கிச்சா, கனிவாக. “பழத்தைத்தானே சோதிக்கறோம்.”

“அவருக்கு மட்டும் எப்படி சார் பச்சை?”

“அவர் நல்லா ஒத்துழைச்சார்னு எழுதியிருக்கே.” கிச்சா ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். “நீங்களும் ஒத்துழைக்கலாம். நாங்க எதையும் எதிர்பாக்கறதில்லை. மாம்பலத்துல ஒரு கடைக்காரர் பொன்னாடை போர்த்தினார். வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிண்டே இருந்தேன். கேக்கலை. ரெண்டாவது பொன்னாடை போர்த்தறப்போதான் நானே நிறுத்தச் சொன்னேன். ஏன்னா அது ஜெயலக்ஷ்மி மேடத்துக்கு.”

இதில் வலியுல்லாவுக்கு ஒன்று மட்டும் விளங்கியது. துரைராஜ் ஏதோ பெரிதாகச் செய்திருக்கிறான். செய்துவிட்டு, ஒன்றும் செய்யாதவன் போலப் பல் குத்திக்கொண்டு நிற்கிறான். பழம் ஒன்று, மரியாதைதான் வேறு. நாற்காலி போதவில்லை.

பொறாமைக்கு ஐஸ் பெட்டி வேண்டியதில்லை. வெயிலில் வைத்தாலும் அது கெடாது.

இரண்டாம் சோதனைக்குச் சந்தில் சாமியானா போட்டார். அதிகாரிகளுக்கு மட்டும் நிழல்; பட்டை பொதுமக்கள் பக்கம், வெயிலில். எவர்சில்வர் தட்டுக்குப் பதிலாக, ஷாகிராவின் நிக்காஹ் வெள்ளித் தட்டு. வெள்ளி சூட்டை நன்றாகக் கடத்தும் உலோகம் என்பதை இங்கே குறிப்பிடலாம். ராயப்பேட்டை பேண்டு வாத்தியம். பன்னீர்ச் செம்பு. ஆளுக்கொரு சால்வை. பழத்திலும் ஆபத்துக்கு இடம் வைக்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஒருமுறை, புளித் தண்ணீரில் ஒருமுறை, வெறும் தண்ணீரில் ஒருமுறை என்று ஷாகிரா ஒரே கொத்தை மாற்றி மாற்றிக் குளிப்பாட்டினார்.

“நம்ம புள்ளைங்களைக்கூட இப்படிக் குளிப்பாட்டினதில்ல,” என்றார்.

அப்போதுதான் வலியுல்லாவுக்கு அந்த யோசனை வந்தது. குரலைத் தாழ்த்தினார். “நீ புர்காவப் போட்டுக்கினு எதிர்க்கடைக்குப் போய் அரைக்கிலோ வாங்கியா.”

“அவன் கடையிலயா? பத்து எட்டுல கீற கடைக்கு, மூஞ்சி மூடிக்கினு?”

“பச்சைப் பலகைப் பழம். அதையே வைச்சுடலாம். அதுகூடவா தோக்கும்?”

ஷாகிரா போனார். துரைராஜ் நிறுத்துக் கொடுத்துவிட்டு, “பாய்க்கு சலாம் சொல்லுங்க அண்ணி,” என்றார்.

அன்று கிச்சா பேசினார். ஜெயலக்ஷ்மி அதைவிடப் பேசினார். சால்வை போர்த்தப்பட்டதற்குக் கிச்சா ஏற்புரை நிகழ்த்தினார். ஏற்புரை நிரலில் இல்லாதது. ஆகவே ஜெயலக்ஷ்மியும் நிரலில் இல்லாத ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. அவர் பாடினார். பேண்டுக்காரர்கள் சுருதி தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். வெள்ளித் தட்டில் கை வைத்த ஒரு குழந்தை அழுதது. பூஜா பட்டையைத் துணியால் பிடித்து எடுத்தார்.

முப்பது.

வலியுல்லா சிரித்துவிட்டார். கூட்டத்தில் யாருக்கும் ஏன் என்று தெரியவில்லை. “சார்! அது என் பழமே இல்ல சார்! துரைராஜ் பழம்! பச்சைப் பலகைப் பழம்! அவன் பழத்துலதான் வெஷம்!”

கூட்டம் துரைராஜைப் பார்த்தது. துரைராஜ் ஆரஞ்சு அடுக்குவதை நிறுத்தினார். “பாய், ஒனக்கு இன்னா வயித்தெரிச்சல்னா இப்படி? எங்கடையில வாங்கி உங்கடையில வெச்சா அது உங்க பழம்.”

கிச்சாவும் ஜெயலக்ஷ்மியும் சாமியானாவுக்குள் தலையோடு தலை சேர்த்து ஆலோசித்தார்கள். அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது ஆணைய வரலாற்றில் அதுதான் முதல்முறை.

“பச்சைப் பலகைக் கடைப் பழத்தில் நஞ்சு இருக்க முடியாது,” என்றார் கிச்சா ஒலிபெருக்கியில். “ஏனென்றால் அங்கே பச்சைப் பலகை இருக்கிறது. ஆகவே, அந்தப் பழம் தெருவைக் கடக்கும்போது நஞ்சேறியிருக்கிறது. இது அறிவியலுக்குப் புதிது. ‘தெருக் கடத்தல் நஞ்சு’ என்று இதற்கு நான் பெயர் சூட்டுகிறேன்.”

“அதை ஆராயும் குழுவுக்கு நான் தலைவர்,” என்றார் ஜெயலக்ஷ்மி.

தெருவை ஆராய ஆட்கள் வந்தார்கள். சந்தின் இடப்பக்கத்தில் ஒரு புட்டியும் வலப்பக்கத்தில் ஒரு புட்டியும் காற்றுப் பிடித்துக்கொண்டு போனார்கள். வலியுல்லாவுக்கு இன்னும் ஒரே வாய்ப்பு. மண்டபத்திலிருந்து கடைசியாக இருந்த ஒரு மேனேஜரும் வரவில்லை. ஷாகிரா வெள்ளித் தட்டைத் தேய்த்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். “இனி இது வெளிய வராது,” என்றார். “கடை போனா இத வெச்சுத்தான் சாப்பிடணும்.”

இந்தச் சமயத்தில் ஆணையத்துக்கு ஆண்டு விழா வந்தது. முதல் பச்சைப் பலகை பெற்ற வணிகர் என்ற முறையில் விழா துரைராஜின் கடையில் நடக்கும் என்று அறிவித்தார்கள். பலகையைப் புதுப்பித்து, பெரிய பலகையாகக் கொடுப்பார்களாம். பெரிய பலகையில் மாம்பழத்துக்கு இலையும் உண்டு.

சாமியானா சந்தை அடைத்து நின்றது. அதன் ஒரு கால் வலியுல்லாவின் கடை வாசலில், எலுமிச்சைக் கூடையை நகர்த்திவிட்டு ஊன்றப்பட்டது. துரைராஜ் பட்டு வேட்டியில் வந்தார்.

“பாய், கொஞ்சம் அனுசரிச்சுப் போ. இன்னிக்கி ஒரு நாளுதான்.”

“போட்டுக்க நைனா. கடைக்குள்ளவே வந்து போட்டுக்க.”

வலியுல்லா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பார்க்கக் கூடாது என்று முடிவு. காதை மூட முடியவில்லை.

வேறு துறைகளிலிருந்தும் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். மொத்தம் ஏழு வாழ்த்துரை. துரைராஜின் ஆரஞ்சுக் கோபுரத்தைச் சென்னையின் எதிர்காலத்தோடு ஒப்பிட்டார் ஒருவர். ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது சரிந்தது. இன்னொருவர் தான் சிறுவயதில் திராட்சையே பார்த்ததில்லை என்று கண்ணீர் விட்டார். அடுத்து வந்தவர் தான் வாழைப்பழம்கூடப் பார்த்ததில்லை என்றார். அதற்கடுத்தவர், தான் பழம் என்ற சொல்லையே கல்லூரியில்தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். ஒவ்வொரு உரை முடிந்ததும் துரைராஜுக்கு ஒரு சால்வை. ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு புகைப்படம். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வலியுல்லா, கேமரா சத்தத்தை வைத்துச் சால்வைகளை எண்ணினார்.

தட்டில் பட்டை கிடந்தது. உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் மூன்றாவது வாழ்த்துரையிலேயே சாய்ந்துவிட்டார்.

முத்தாய்ப்பாகச் சோதனை. பூஜா பட்டையைத் திராட்சை நீரில் வைத்து எடுத்து, கருவியில் செருகி, எண்ணைப் படித்தார். பிறகு இன்னொருமுறை, மெல்லிய குரலில்.

“எட்டு.”

ஒலிபெருக்கி அதையும் சந்து முழுக்கச் சொன்னது.

சாமியானாவுக்குள் யாரும் அசையவில்லை. துரைராஜின் தோளிலிருந்து ஏழு சால்வைகளில் ஒன்று நழுவி விழுந்தது. வலியுல்லா மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“தெருக் கடத்தல்...” என்று தொடங்கினார் கிச்சா. ஆனால் பழம் தெருவைக் கடக்கவே இல்லை. தொண்ணூற்றிரண்டு பங்கு நஞ்சு. விதி விதிதான். துரைராஜின் சின்னப் பச்சைப் பலகை கழற்றப்பட்டு மஞ்சள் ஏறியது.

இப்போது ஒரு சிக்கல். இலை வைத்த பெரிய பலகை மேடையில் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் வாசலில் இருந்தார்கள். “ஆணையம் கொண்டுவந்த பலகை அடையாறுக்குத் திரும்பிப் போனதா சரித்திரம் இல்லையே,” என்று கிச்சா முணுமுணுத்தார். ஜெயலக்ஷ்மி எதிரே கையைக் காட்டினார். “அந்தக் கடைக்கு மூணாவது சோதனை பாக்கி இருக்கு.”

“வரவேற்புரை?”

“தொண்டை போச்சு சார்.”

விருந்தினர்கள் ஏற்கெனவே மண்டபத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ரசம் பரிமாறும் சத்தம் கேட்டது. கிச்சாவும் ஜெயலக்ஷ்மியும் ஒருவரை முந்திக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்கள்.

பூஜா தனியாகத் தெருவைக் கடந்தார். வலியுல்லா எழுந்திருக்கவில்லை. இத்தனை சால்வை பார்த்த ஆணையத்துக்குத் தன் நாற்காலி எதற்கு? “இன்னா வேணுமோ பண்ணிக்கம்மா,” என்றார். “சிவப்பு கொண்டாந்தியா?”

பெட்டியின் அடியில், ஐஸுக்குள், கடைசிப் பட்டை ஒன்று இருந்தது. பார்க்க யாருமில்லை, ஆகவே விதிமுறையும் இல்லை. பூஜா அங்கேயே நல்ல தண்ணீரில் ஒருமுறை பார்த்தார். கையோடு திராட்சை. நின்றபடியே முடித்தார்.

தொண்ணூற்றேழு.

வலியுல்லா எண்ணைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். பிறகு பூஜா சாப்பிடப் போனார். ஆணையத்தின் டிரைவர் ஏணி போட்டு, இலை வைத்த பெரிய பச்சைப் பலகையை மாட்டி, ஆணி அடித்துவிட்டு, இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே மண்டபக்காரர்கள் வந்தார்கள். மயில் தோகைகள் படியேறின. ஷாகிரா வெள்ளித் தட்டை வெளியே எடுத்து, பிரியாணி போட்டு, கணவர் முன்னால் வைத்தார். வலியுல்லா சாப்பிடவில்லை. எதிரே ஒரு பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

“இன்னாங்க இது?”

“பாரு.”

படத்தில் துரைராஜ். ஏழு சால்வைக்குள் முகம் மட்டும் தெரிந்தது. இருபுறமும் கிச்சாவும் ஜெயலக்ஷ்மியும். கீழே ‘முதல் தூய கனி வணிகருக்குப் பாராட்டு’ என்று இருந்தது. சோதனைக்கு முன்பே படத்தை அனுப்பிவிட்டார்கள். துரைராஜ் அதைப் பெரிதாக்கி, லாமினேட் செய்து, மஞ்சள் பலகையை மறைக்கும்படி மாட்டியிருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படத்தைப் பார்த்தார்கள். இலை வைத்த மாம்பழத்தை யாரும் நின்று பார்க்கவில்லை.

“ஒங்களுக்குத்தான் பலகை வந்துட்டுதே. இன்னும் இன்னா கொறை?”

“அவனுக்கு ஏழு பேரு பேசினாங்க. எனக்கு யாரு பேசினாங்க? டிரைவரு. அவனும் ‘ஏணியப் புடி’ன்னான்.”

ஷாகிரா வெள்ளித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

மறுநாள் வலியுல்லா அடையாறுக்குப் பஸ் ஏறினார். தாழ்வாரத்தில் பூஜா ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் கடைக்கும் ஒரு விழா வேண்டும் என்று வலியுல்லா சொன்னதும் காதிலிருந்து பாட்டைக் கழற்றினார். நெடுநாளாக அவர் செய்யாத காரியம் அது.

“பாய், வேணாம். விழான்னா மறுபடியும் டெஸ்ட் உண்டு. பட்டையில இருக்கறது நொதி. வெயில்ல வெச்சா செத்துடும். செத்துட்டா கருவிக்கு அது வெஷம் மாதிரிதான் தெரியும். உங்களுக்கு ரெண்டு தடவை போனதும் அதாலதான். துரைராஜ் அண்ணனுக்குப் போனதும் அதாலதான். உங்க பழத்துலயும் ஒண்ணுமில்ல, அவர் பழத்துலயும் ஒண்ணுமில்ல. யார் வந்து எவ்ளோ பேசறாங்களோ, அவ்ளோ வெஷம். புரியுதா?”

வலியுல்லா கவனமாகக் கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார். முதல்முறையாக அவருக்கு எல்லாம் புரிந்தது. பெட்டி, ஐஸ், வெள்ளித் தட்டு, ஜெயலக்ஷ்மியின் பாட்டு, எல்லாம். தலையசைத்தார்.

“அப்ப அவன் பழமும் நல்ல பழம்தான்?”

“நல்ல பழம்தான் பாய்.”

அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

கிச்சா மகிழ்ந்துபோனார். ஜெயலக்ஷ்மியையும் கூப்பிட்டனுப்பினார். “உங்களைப் பத்தி நான் ரொம்ப நாளா பேசணும்னு நெனச்சிண்டிருந்தேன்.”

“நானும்தான். அதுக்கும் முன்னாலேர்ந்து,” என்றார் ஜெயலக்ஷ்மி.

“வாழ்த்துரைக்கு எத்தனை பேர் போடட்டும்?” கிச்சா பேனாவைத் திறந்தார். “ஒரு மூணு பேர்?”

வாசலில் பூஜா, ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வலியுல்லா அவரைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார்.

“எட்டு போடுங்க சார்.”